மிதிவண்டியும் நடப்போரும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில், 1568-இல் எழுந்த யூதர் ஜெப ஆலயத்தின் சுற்றுப்புறத் தெருக்கள் குறுகியவை. பஜார் சாலையில் பண்டகசாலைச் சுவர்கள் தெருவின் விளிம்பு வரை நிற்கின்றன. இத்தகைய வழியை நடப்போரும் மிதிவண்டியோட்டுவோரும் பகிர்ந்துகொள்கையில், குறுக்கே கடக்குமிடமே ஆபத்தானது.

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மிதிவண்டி ஒரு விநாடியில் 5 மீட்டர் செல்லும். 3 மீட்டர் அகலமுள்ள வழியை முதியவர் ஒருவர் கடக்க 3 விநாடியேனும் ஆகும். அதற்குள் வண்டி 15 மீட்டர் வந்துவிடும். ஆகவே, அத்தனை தொலைவிலேயே இருவரும் ஒருவரையொருவர் காணுதல் வேண்டும். சுவர் முனையில் அது இயலாது.

இதற்குப் பரிகாரம் எளிது. கடக்குமிடத்தை முனையிலிருந்து சற்றுத் தள்ளி அமைக்கலாம். பார்வையை மறைக்கும் மூட்டைகளையும் நிறுத்திய வண்டிகளையும் அங்கிருந்து விலக்கலாம். தரையை மென்மையான சரிவுடன் சிறிது மேடாக்கினால் வண்டியின் வேகம் குறையும். வேகம் பாதியானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கில் ஒரு பங்காகிவிடும். மழை மிகுந்த அவ்வூரில், வழுக்காத சொரசொரப்பான தளமும் அவசியம்.

மணியோசை செவி மந்தமானவர்க்கு எட்டாது. ஆதலின், கடக்குமிடத்தை நெருங்குகையில் வேகத்தைத் தணித்தல் வண்டியோட்டும் நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.