க்ரூஸ் கன்ட்ரோல் மக்கர் பண்ணுதா? பிரேக் லைட்டைப் பாருங்க பாஸ்!

கல்கத்தா ஹைவேஸ். ரெட்ஹில்ஸ், காரனோடை தாண்டி கவரைப்பேட்டையை நெருங்கறீங்க. சித்தப்பா பெரிய மனசு பண்ணி சாவி கொடுத்த பழைய பஜேரோ ஸ்போர்ட். ரோடு கொஞ்சம் காலி. ஸ்டீயரிங்ல இருக்கற க்ரூஸ் பட்டனை ஸ்டைலா ஒரு அமுக்கு... ம்ஹூம்! மீட்டர்ல க்ரூஸ் விளக்கு எரியுது, ஆனா ஸ்பீடு செட் ஆக மாட்டேங்குது. 'இதுக்குத்தான் இவ்ளோ பில்டப்பா மச்சான்?'னு பக்கத்து சீட் நண்பன் வேற கலாய்க்கறான்.

விடுங்க. அடுத்த பெட்ரோல் பங்க்ல வண்டியை ஓரங்கட்டி, அதே நண்பனை இறக்கி வண்டிக்குப் பின்னாடி நிக்க வைங்க. நீங்க பிரேக்கை மிதிங்க. லைட் எரியுதானு அவர் பார்த்துச் சொல்லட்டும். ஸ்கேனர், லேப்டாப் எல்லாம் அப்புறம்!

க்ரூஸுக்கும் பிரேக் லைட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? நிறைய இருக்கு. பிரேக் பெடலுக்கு மேல குட்டியா ஒரு சுவிட்ச் உட்கார்ந்திருக்கும். நீங்க பெடலைத் தொட்டதும் அது ரெண்டு பேருக்குத் தகவல் சொல்லும். ஒண்ணு, பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு, சிவப்பு லைட் மூலமா. இன்னொண்ணு, க்ரூஸ் சிஸ்டத்துக்கு, 'போதும், கையை எடு'னு. அந்த சுவிட்ச் மேல சந்தேகம் வந்துட்டா க்ரூஸ் வேலையே செய்யாது. அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்காங்க. அதாவது க்ரூஸ் வேலை செய்யலைங்கறது பல நேரம் சொகுசுப் பிரச்னையே இல்லை. சிப்காட் கன்டெய்னர் லாரி ஒண்ணு உங்க முதுகுக்குப் பின்னாடி வரும்போது, நீங்க பிரேக் போடறது அதுக்குத் தெரியுதா இல்லையாங்கற பிரச்னை!

இந்த சமாசாரத்தைக் கண்டுபிடிச்சவர் கதை தெரியுமா? ரால்ஃப் டீட்டர்னு ஒரு அமெரிக்க இன்ஜினீயர். சின்ன வயசுலயே கண் பார்வை போனவர்! அவரோட வக்கீல் கார் ஓட்டும்போது, பேசினா வேகம் குறையும், கேட்டா வேகம் கூடுமாம். அந்தக் குலுங்கல் தாங்காமதான் இந்த யோசனை வந்ததுனு சொல்வாங்க. 1950-ல பேட்டன்ட் கிடைச்சது. 1958 மாடல் கிரைஸ்லர் இம்பீரியல்ல கருவி ரோட்டுக்கு வந்தது.

நம்ம ஊர் பக்கமும் ஒரு கதை இருக்கு. திருவள்ளூர்ல இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரியில இருந்துதான் 1998-ல மிட்சுபிஷி லான்சர் வந்தது. பஜேரோவும், 2012-ல பஜேரோ ஸ்போர்ட்டும் அங்கேயே அசெம்பிள் ஆனவை. இப்போ மிட்சுபிஷி கார்கள் இந்தியாவுல புதுசா விற்பனைக்கு இல்லை. அதனால சித்தப்பா வண்டிக்குப் பார்ட்ஸ் வேணும்னா புதுப்பேட்டை வரைக்கும் அலைய வேண்டியிருக்கலாம். எது பழுதுனு உறுதியாத் தெரிஞ்சுக்கிட்டு அலையறதுதானே புத்திசாலித்தனம்?

சரி, நண்பர் என்ன சொன்னார்? 'எரியவே இல்லை'ன்னா ஃபியூஸ், பல்பு, சுவிட்ச்னு வரிசையாப் பாருங்க. 'காலை எடுத்தும் அணையலை'ன்னா இன்னும் சுவாரஸ்யம். குனிஞ்சு ஃப்ளோர் மேட்டைப் பாருங்க. உடைஞ்ச பிளாஸ்டிக் துணுக்கு ஏதாவது கிடக்குதா? பெடல்ல சுவிட்ச் முட்டற இடத்துல ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தக்கை இருக்கும். வருஷக்கணக்கா வெயில் தின்னு அது பொடிஞ்சு விழுந்துடும். சுவிட்சுக்கு, நீங்க எப்பவும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கற மாதிரி தோணும். க்ரூஸ் அவுட். ராத்திரி முழுக்க லைட் எரிஞ்சு, காலையில பேட்டரியும் அவுட்! இத்தனைக்கும் காரணம் சுண்டுவிரல் நகம் சைஸ்ல ஒரு தக்கை.

இன்னொரு வில்லன், நாமளே ஆசையா மாட்டற எல்.இ.டி. சில பழைய வண்டிகள்ல க்ரூஸ் யூனிட், பிரேக் பல்போட ஃபிலமென்ட் வழியாத்தான் சர்க்யூட் சரியா இருக்கானு பார்க்கும். பளபளப்புக்காக எல்.இ.டி. மாத்தினா அந்தக் கணக்கு தப்பிடும். பழைய பல்பை மாட்டிப் பாருங்க, க்ரூஸ் திரும்பி வந்தாலும் வரும்.

லைட் ஒழுங்கா இருந்தா அடுத்த இடத்துக்குப் போகலாம். கியர் வண்டின்னா கிளட்ச் பெடல்லயும் இதே மாதிரி சுவிட்ச் உண்டு. ஸ்பீடோமீட்டர் முள் அப்பப்போ டான்ஸ் ஆடினா ஸ்பீடு சென்சாரைச் சந்தேகப்படுங்க. வேகமே தெரியாம எதைப் பிடிச்சு வைக்கும் பாவம்? இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிஞ்சாலும் பல வண்டிகள்ல க்ரூஸ் தானா ஒதுங்கிடும். இந்த இடத்துலதான் ஸ்கேனருக்கு வேலை. ரொம்பப் பழைய இம்போர்ட்டட் வண்டின்னா வாக்குவம் டியூப்ல விரிசல் இருக்கானு பாருங்க.

க்ரூஸ் பட்டனோட ஹாரனும் வேலை செய்யலை, ஏர்பேக் விளக்கும் எரியுதா? ஸ்டீயரிங்குக்குள்ள சுருண்டு கிடக்கற ஒயர் ரிப்பன் போயிருக்கலாம். அங்கே மட்டும் ஸ்க்ரூ டிரைவரோட போகாதீங்க. ஏர்பேக் மூஞ்சியிலேயே வெடிக்கும். ஒர்க்‌ஷாப்ல விடுங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. 'ரெண்டு ஒயரை டைரக்ட் பண்ணிடலாம் தம்பி, சுவிட்சே வேணாம்'னு யாராவது சொன்னா, கும்பிடு போட்டுட்டு வண்டியை எடுத்துடுங்க. க்ரூஸ் உடனே வேலை செய்யும், உண்மைதான். ஆனா பிரேக் மிதிச்சாலும் விட மாட்டேன்னு அடம் பிடிக்கும். நீங்க வண்டியை நிறுத்தப் பார்க்க, அது முன்னாடி தள்ளப் பார்க்க... நினைச்சாலே பகீர்னு இல்லை?

சின்ன சுவிட்ச்தானேனு அலட்சியமா நினைக்காதீங்க. அமெரிக்காவுல ஃபோர்டு கம்பெனி 1999-ல இருந்து 2009 வரைக்கும் சுமார் 1.4 கோடி வண்டிகளைத் திரும்ப அழைச்சதே க்ரூஸை நிறுத்தற ஒரு சுவிட்சுக்காகத்தான். அதுக்குள்ள பிரேக் ஆயில் கசிஞ்சு தீப்பிடிச்சது. சாவியை எடுத்த பிறகும் அதுல கரன்ட் ஓடினதால, வீட்டுல சும்மா நின்ன வண்டிகள் கூட எரிஞ்சது!

சரி பண்ணியாச்சா? டெஸ்ட் பண்ண ஞாயித்துக்கிழமை காலையில, வெளிச்சம் வந்த பிறகு, மழை இல்லாதப்போ, லாரி கம்மியா இருக்கற நேரமாப் பார்த்துப் போங்க. பொதுவா மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் கீழே செட் ஆகாது. செட் பண்ணுங்க. கண்ணாடியில பின்னாடி யாரும் இல்லைனு பார்த்துட்டு, பிரேக் பெடலை லேசாத் தொடுங்க. க்ரூஸ் உடனே விடணும். மறுபடி செட் பண்ணி, கிளட்ச்சைத் தொடுங்க. அதுக்கும் விடணும். கிளட்ச் மிதிச்சதும் இன்ஜின் 'வ்ர்ரூம்'னு அலறினா, அன்னிக்கு க்ரூஸை ஆஃப் பண்ணிட்டு, வலது காலை நம்பி வீட்டுக்குத் திரும்புங்க. கிளட்ச் சுவிட்ச் பாக்கி இருக்கு.