எலுமிச்சம்பழமும் வலது காலும்

2025 செப்டம்பர். தில்லி நிர்மாண் விஹாரில் ஒரு கார் ஷோரூமின் முதல் மாடி. புது வண்டிக்குப் பூஜை முடிந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பழம் நசுங்க வண்டி ஒரு முழம் நகர்ந்தால் போதும். வண்டியோ கண்ணாடிச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போய்க் கீழே சாலையில் கவிழ்ந்து கிடந்தது. ஏர்பேக் விரிந்ததில் ஓட்டிய பெண் தப்பித்தார். ஆனால் சமூக ஊடகம் விடவில்லை, அவரைக் கொன்றே தீர்த்தது. கடைசியில் அவரே வீடியோவில் வந்து உயிரோடு இருப்பதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். முப்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறாராம், ஒருநாளும் பெடல் மாறியதில்லையாம். “பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கெல்லாம் யார் சார் லைசென்ஸ் கொடுக்கிறார்கள்?” என்று கேட்டிருந்தார்.

வித்தியாசம் தெரியும் ஐயா. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

‘பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார்’ என்று எழுதிவிட்டுச் செய்தித்தாள் அடுத்த பத்திக்குப் போய்விடும். எனக்கு அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. கால் தவறுவது கண நேரக் கதை. தவறிய காலைச் சுவர் வரும்வரை ஏன் எடுக்கவில்லை? சுட்ட பாத்திரத்திலிருந்து கை தானாக விலகுகிறதே, பாய்கிற காரின் பெடலிலிருந்து கால் ஏன் விலகவில்லை?

கார் இல்லாதவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். எங்கள் தெருவில் ஒரு அக்கா, கியரில்லாத ஸ்கூட்டரை எஞ்சினை அணைக்காமலே கையால் தள்ளி வீட்டுச் சாய்மேடையில் ஏற்றப் பார்த்தார். மேடையில் சக்கரம் தட்டியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. விழாமல் பிடிக்க வலது கைப்பிடியை இறுக்கினார். அந்தக் கைப்பிடிதான் ஆக்சிலேட்டர். வண்டி முன்னால் தாவியது. தாவுகிற வண்டியை விடலாமா? இன்னும் இறுக்கினார். வாசலில் இருந்த துளசி மாடத்தில் முட்டித்தான் நின்றது. “பிடிக்கப் பிடிக்க ஓடுதுடா தம்பி!” என்றார், முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டே. நான் படித்த ஆய்வுக் கட்டுரை எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

இனி காருக்குள் போவோம். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் இடையே நாலைந்து விரற்கடைத் தூரம். ஓட்டுகிறவர் குனிந்து பார்த்து மிதிப்பதில்லை. கால் தானாகத் தேடிப் போகிறது. சமையற்கட்டில் கண் அடுப்பில் இருக்க, கை அஞ்சறைப் பெட்டிக்குள் போய்க் கடுகை அள்ளுகிறதே, அதே வித்தை. கிண்ணம் எங்கே என்று கை தேடுவதில்லை. நிற்கிற இடத்திலிருந்து இத்தனை தூரம், இந்தப் பக்கம் என்று உடம்பை வைத்தே அளந்துவிடுகிறது. வட்டப் பெட்டியை யாரோ கழுவித் துடைத்து அரை அங்குலம் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அல்லது கூப்பிட்ட பிள்ளைக்குப் பதில் சொல்ல நீங்களே சற்றுத் திரும்பி நிற்கிறீர்கள். கை வழக்கமான தூரம்தான் போகும். அள்ளுவது வெந்தயமாக இருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் 1989-ல் எழுதிய ஆய்வின் சாரம் இதுதான். அவர் பெட்டியை அறியார், மற்றபடி விஷயம் ஒன்றே. ஓட்டுகிறவரின் மூளை ‘பிரேக்’ என்று சரியாகவே முடிவெடுக்கிறது, சரியாகவே உத்தரவு போடுகிறது. உத்தரவைச் செய்து முடிக்கும் தசைகளிடம்தான் ஒழுங்கு இல்லை. எந்தத் தசையும் ஒரே அசைவை இரண்டு தடவை ஒரே மாதிரி செய்வதில்லை. விசையில் கொஞ்சம் கூடும், நேரத்தில் கொஞ்சம் குறையும். அதோடு பின்னால் திரும்பிப் பார்ப்பது, பெல்ட்டை எட்டி எடுப்பது, டோல் சீட்டுக்குக் கை நீட்டுவது என்று இடுப்பு சற்றுத் திரும்பினாலும் காலின் குறி நகர்ந்துவிடும்.

திருமங்கலத்துக்காரருக்காக ஒரு சின்னக் கணக்கு. மதுரையில் கோரிப்பாளையத்தையும் சிம்மக்கல்லையும் கடந்து போகிறவரின் கால் ஒரு நாளைக்கு 200 முறை பிரேக்குக்குத் தாவுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 73,000. முப்பது வருஷத்துக்கு ஏறக்குறைய 22 லட்சம். இத்தனை தடவை குறி பார்க்கிற காலுக்கு ஒரே ஒரு தடவை பிசகினால் அதைக் கவனக்குறைவு என்பதா? எனக்கு மனசு வரவில்லை.

இது முதல் பாதி. எனக்குப் பிடித்தது அடுத்த பாதி.

கையில் வந்தது வெந்தயம். மனசில் அது கடுகு. எண்ணெய் காய்ந்திருக்கிறது, போட்டது வெடிக்கவில்லை. கடுகு பத்தவில்லை போல என்று இன்னும் ஒரு கை. அதுவும் வெடிக்கவில்லை. இன்னும் ஒரு கை. நம் வீடுகளில் இரண்டாவது கைக்கே வாசனை காட்டிக் கொடுத்துவிடும், உவமை அங்கே நொண்டுகிறது. ஆனால் மூக்கடைப்பும் வாசலில் விருந்தாளியும் சேர்ந்துகொண்டால் சாம்பார் முழுக்கக் கசந்து போகும். காருக்குள் வாசனை கிடையாது. கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று மூளைக்குத் தனியாக யாரும் தகவல் சொல்வதில்லை. பிரேக்குக்கு அனுப்பினோம், பிரேக்கில்தான் இருக்கும் என்று அது நம்புகிறது. வண்டி பாய்கிறது. பிரேக்கை மிதித்தும் பாய்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பிரேக் பிடிக்கவில்லை! அப்படியானால் இன்னும் அமுக்க வேண்டும்.

கால் எதையுமே உணராதா என்றால், உணரும். அது உணர்கிற சேதிதான் கெடுக்கிறது. நல்ல பிரேக் பெடல் பாதிக்கு மேல் கெட்டியாக எதிர்த்து நிற்கும். ஆக்சிலேட்டரோ மெத்தென்று தரைவரை இறங்கும். பிரேக் ஆயில் ஒழுகிப்போன வண்டியில் பிரேக் பெடலும் அப்படியேதான் மெத்தென்று இறங்கும். ஆக, தவறான பெடல் என்று காட்டிக் கொடுக்க வேண்டிய சாட்சியே பிரேக் ஃபெயிலியர் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறது. இறங்கி வந்தவர் ‘பிரேக் பிடிக்கலைங்க’ என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை.

தில்லிச் சம்பவத்துக்குப் பிறகு ‘பொம்பளை ஓட்டினா இப்படித்தான்’ என்று மீம் போட்டவர்கள் டோக்கியோவைக் கொஞ்சம் பார்க்கலாம். 2019 ஏப்ரலில் இகேபுகுரோ பகுதியில் 87 வயது ஆண் ஒருவர் ஓட்டிய கார் சிக்னலைத் தாண்டிப் பாய்ந்தது. ஒரு தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்தார்கள். ஓட்டியவர் பொறியியல் படித்த முன்னாள் உயர் அதிகாரி, அரசுத் தொழில்நுட்ப அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்தவர். வண்டியில்தான் கோளாறு என்று நீதிமன்றத்தில் வாதாடினார். ஆக்சிலேட்டர் அமுங்கியிருந்தது, பிரேக் தொடப்படவில்லை என்றது வண்டியின் பதிவுக் கருவி. 2021 செப்டம்பரில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. கால் சொன்னதை ஒரு பொறியாளரே தீர்ப்பு வரும்வரை நம்பினார்.

வரலாறு சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார், சொல்லிவிடுகிறேன். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் மூன்று பெடல், ஆனால் ஆக்சிலேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் இழுக்கிற நெம்புகோல். நடுப் பெடலை மிதித்தால் வண்டி பின்னால் போகும். இன்றைய வரிசையை 1916-ல் காடிலாக்கும் 1922-ல் ஆஸ்டின் செவனும் நிலைநாட்டின. பழைய ஆங்கிலேய வண்டிகள் சிலவற்றில் ஆக்சிலேட்டர் நடுவில் இருந்தது. வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற நமக்குக் கியர் இடது கைக்கு மாறியது, பெடல் வரிசை மட்டும் அமெரிக்காவில் இருப்பது போலவே இருந்துவிட்டது. இதற்குப் பின்னால் பெரிய அறிவியல் எதுவும் இல்லை. ஒருவர் வைத்தார், மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள்.

பரபரப்புகளின் கதை இதைவிட ருசியானது. 1986 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’, ஆடி 5000 கார் தானாகவே பாய்வதாக ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. பெடல் தானாக இறங்குவதைக் கண்ணாலேயே காட்டினார்கள். கியர்பெட்டிக்குள் வெளியிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்தித்தான் அப்படி இறக்கினார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் அமெரிக்காவில் வருஷத்துக்கு 74,000 வண்டி விற்ற கம்பெனி, சில ஆண்டுகளில் 12,000-க்கு இறங்கிவிட்டது. 1989-ல் அரசு ஆய்வு வந்தது. பெரும்பாலும் கால்தான் காரணம் என்றது. டொயோட்டாவுக்கு 2009-ல் இதே சனி பிடித்தது. நாசா பொறியாளர்களையே கூப்பிட்டு ஆராயச் சொன்னார்கள். வண்டியைப் பாயவைக்கும் மின்னணுக் கோளாறு எதுவும் அகப்படவில்லை என்று 2011-ல் அறிவித்தார்கள். கம்பெனியும் ஒன்றும் உத்தமன் இல்லை. மிதியடி சிக்கி ஆக்சிலேட்டர் மேலே வராமல் போனதும், பெடலே ஒட்டிக்கொண்டதும் நிஜம். நம் ஊரில் கம்பெனி மிதியடிக்கு மேல் தேங்காய் நார் மிதியடி, அதற்கு மேல் ரப்பர் மிதியடி என்று மெத்தை போடுகிறோம். போதாததற்கு சீட்டுக்கடியில் தண்ணீர் பாட்டில் வேறு உருண்டுகொண்டிருக்கிறது. அது பிரேக்குக்கு அடியில் போய் அடைத்துக்கொள்ள மின்னணுப் பேய் எதுவும் தேவையில்லை.

பெடல் மாறிய விபத்துகள் வருஷத்துக்குச் சுமார் 16,000 நடப்பதாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணித்திருக்கிறது. பலதும் வண்டி நிறுத்துமிடங்களில் நடப்பவை. ஓட்டுகிறவர்களில் மிக இளையவர்களும் மிக மூத்தவர்களும் அதிகம். நம்மிடம் அப்படி ஒரு கணக்கைப் பிரித்தெடுக்க வழியில்லை. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி எழுதினால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

நம் ஊரில் இது இதுவரை பெரிதாகப் பேசப்படாததற்குக் கிளட்ச் ஒரு காரணம் என்பது என் ஊகம். பதறியவர் இரண்டு காலையும் ஊன்றுவார். வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்தாலும் இடது கால் கிளட்சை அமுக்கிவிட்டால், எஞ்சின் கத்துமே தவிர வண்டி பாயாது. கர்ணனுக்குக் கவசம் மாதிரி. கேட்டு வாங்கிய வரமும் இல்லை, கூடவே பிறந்தது. 2014-ல் மாருதி செலேரியோ குறைந்த விலையில் கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கியரைக் கொண்டுவந்தது. காளவாசல் நெரிசலில் கிளட்ச் மிதித்து முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கவசத்தைக் கழற்றிக் கொடுத்ததை யாரும் கவனிக்கவில்லை. மின்சாரக் கார்களிலும் கிளட்ச் கிடையாது. போதாக்குறைக்குத் தொட்டதும் முழு இழுவை.

தீர்வு என்று விற்கப்படுவதை நான் இரண்டு கண்ணாலும் சந்தேகமாகத்தான் பார்க்கிறேன். 2028 செப்டம்பர் முதல் ஜப்பானில் புது ஆட்டோமேட்டிக் கார்களுக்கு ஒரு கருவி கட்டாயமாகிறது. ஒன்று, ஒன்றரை மீட்டர் முன்னால் தடை இருக்கும்போது நிற்கிற காரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும், கார் மோதக்கூடாது, அல்லது மோதும் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. நல்ல யோசனைதான். ஆனால் மாசி வீதியில் எந்த நேரத்தில் காருக்கு முன்னால் ஒரு மீட்டர் காலியாக இருந்திருக்கிறது? ஸ்கூட்டர், தள்ளுவண்டி, பூக்கூடை, மாடு. அந்தக் கருவிக்கு இங்கே தினமும் வைகுண்ட ஏகாதசி, தூக்கமே கிடையாது.

அதே ஜப்பானில், குமாமோட்டோவில் சிறு பட்டறை வைத்திருந்த நருசே மசுயுகி யோசித்தது வேறு மாதிரி. அவருக்கே ஒருமுறை பெடல் மாறியிருக்கிறது. ஒரே பெடல். கீழே மிதித்தால் பிரேக் மட்டும்தான். வேகம் வேண்டுமானால் பாதத்தின் பக்கவாட்டால் வலப்புறம் தள்ள வேண்டும். பதறிய கால் எப்போதும் கீழேதான் இறங்கும், பக்கவாட்டில் போகாது. ஸ்கூட்டர் அக்காவுக்கு இதைச் சொன்னால் ஒரே நிமிடத்தில் புரிந்துகொள்வார். பெரிய கம்பெனிகள்தான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. நூறு வருஷப் பழக்கத்தை மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்?

பாண்டி கோயில் வாசலில் ஒரு நாள் புது வண்டிகளுக்கு நடக்கும் பூஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெடல் மாறுவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது என்று தோன்றியது. பழகாத வண்டி, உடம்புக்குச் சரிசெய்யாத சீட், சுற்றிலும் சொந்தக்காரர்கள், நீட்டிய செல்போன்கள். ஓட்டுகிறவரோ பழம் நசுங்குகிறதா என்று பார்க்க ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு இடுப்பைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறார். பழம் சக்கரத்தைக் கொஞ்சம் தடுக்கும். தடுத்தால் கால் கொஞ்சம் அமுக்கும். நசுங்கியதும் உடனே பிரேக். அஞ்சறைப் பெட்டி திரும்பியேதான் இருக்கிறது.

வரிசையில் ஒரு வாடகைக் கார் நின்றது. அறுபது வயதிருக்கும் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, குதிகாலைப் பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றினார். பக்கத்தில் உட்கார்ந்த முதலாளியின் மகன், “அண்ணே, லேசா ஆக்சிலேட்டர் குடுங்க, பழம் தடுக்குதுல்ல” என்றான்.

“எலுமிச்சம்பழத்துக்கு எதுக்குப்பா ஆக்சிலேட்டர்? மலையா ஏறப் போறோம்?”

வலது கால் பிரேக்கை விட்டு நகரவில்லை. மேலே வெறுமனே கிடந்தது, அவ்வளவுதான். இடது கால் கிளட்சை அரிசி அரிசியாக விட்டது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்தது. நான்கு பழமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சப்பென்று உடைந்தன.