உங்களுக்குத் தெரியுமா? நாலெழுத்துக்கு 21 பைட்!

கேரள எல்லையூர் 'பாறசாலை'. தமிழில் எண்ணினால் நாலே எழுத்து. ஆனால் செல்போன் அறிவிப்பில் இந்தப் பெயர் போய்ச் சேர 21 பைட் வேண்டும்! ஆங்கிலத்தில் 9 எழுத்து, வெறும் 9 பைட். மலையாளத்தில் 24.

காரணம், எழுத்தைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வொரு குறிக்கும் 3. 'பா' என்பதே 'ப', துணைக்கால் என இரண்டு குறி. ஆக, 6 பைட்.

• ஆப்பிளானாலும் கூகுளானாலும் ஓர் அறிவிப்புக்கு உச்சவரம்பு 4,096 பைட். மொழி பார்த்துச் சலுகை கிடையாது.

• ஐபோனுக்கு ஆப்பிள் சர்வர் வழி, ஆண்ட்ராய்டுக்குப் பெரும்பாலும் கூகுள் வழி. சீனாவில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் கூகுள் சேவை இல்லை. ஹுவாவே, ஷாவ்மி என்று ஆளுக்கொரு பாதை. செயலி எழுதுகிறவர் பாடுதான் திண்டாட்டம்.

• 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக ஏற்றும் செயலி அனுமதி கேட்டுத்தான் மணியடிக்க முடியும்.

பேரிடர் எச்சரிக்கைக்கு வழியே வேறு. செல் பிராட்காஸ்ட் முறைக்குச் செயலி, இணையம், போன் நம்பர் எதுவும் வேண்டாம். டவர் எல்லைக்குள் இருக்கும் போன்கள் அலறும். 2023 அக்டோபர் 20-இல் தமிழ்நாட்டிலும் 31-இல் கேரளத்திலும் சோதித்தார்கள். டவரின் அலைக்கு மாநில எல்லை தெரியாது. தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளையில் டீ குடிப்பவரின் போன், கேரளத்து இஞ்சிவிளைப் பக்கத்து டவரைப் பிடித்திருந்தால் கேரள எச்சரிக்கைக்கே அலறும்.