நாற்பது வயதில் வளர்சிதைமாற்றம் மந்தமாகிறதா?

நாற்பதைத் தாண்டியதும் வயிறு பெருத்தால், பழி வளர்சிதைமாற்றத்தின் மேல் விழுகிறது. உணவைச் செல்கள் சிதைத்து, கிடைக்கும் ஆற்றலை ஏடிபி மூலக்கூறுகளில் ஏற்றி, இதயத்துடிப்பு முதல் சிந்தனை வரை செலவிடும் வேலை அது. நடுவயதில் அந்த வேலை தளர்வதாக ஆதாரம் இல்லை. 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டோரின் அன்றாட ஆற்றல் செலவை ஆராய்ந்தது. அந்தச் செலவை அளக்க, கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கொண்ட நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடலைவிட்டு நீங்கும் வேகத்தை அளப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். அந்த வித்தியாசமே எவ்வளவு எரிந்தது என்று சொல்லிவிடும். எத்தனை அழகான முறை! உடலளவைக் கணக்கில் கொண்டால், 20 முதல் 60 வயதுவரை செலவு ஏறக்குறைய மாறவே இல்லை. ஒரு வயதுக் குழந்தைதான் பெரியவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் வேகமாக எரிக்கிறது.

“அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் எடை கூடுகிறது?” என்று கேட்கலாம். தசை குறைந்தால் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் உடற்பயிற்சியால் அதைப் பெருமளவு தடுக்கலாம். தைராய்டு குறைபாடும் காரணமாகலாம். அது ரத்தப் பரிசோதனையில் தெரியும் நோய், வயதின் விதி அல்ல. பெரும்பாலோரிடம் உண்பது செலவை மிஞ்சுகிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுத்து, நீரிழிவுக்கு வழிவிடுகிறது. குறை வளர்சிதைமாற்றத்தில் இல்லை; எனவே அதைத் தூண்டுவதாக விற்கும் பொடிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, பருப்பைக் கூட்டி, தசைக்கு வேலை கொடுங்கள்.