இவன் நாளைக்கு என்ன செய்வான்?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் கிரிக்ஸன் என்று ஒரு மனநல டாக்டர் இருந்தார். நல்ல உயரம், சரளமான பேச்சு, ஜூரிகளைக் கட்டிப்போடும் சிரிப்பு. பத்திரிகைக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘டாக்டர் டெத்’. காரணம், நூற்றுக்கும் மேற்பட்ட மரண தண்டனை கேஸ்களில் கூண்டேறிச் சாட்சி சொன்னவர். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே பல்லவிதான்: “இந்த ஆள் மறுபடியும் வன்முறையில் இறங்குவான். சந்தேகமே வேண்டாம்.”

டெக்ஸாஸ் சட்டம் அப்படி. ஒருவனைத் தூக்குமேடைக்கு (அதாவது அந்த ஊர் விஷ ஊசிக்கு) அனுப்புமுன் ஜூரி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ‘இவன் இனிமேலும் வன்முறை செய்து சமூகத்துக்கு ஆபத்தாக இருக்க வாய்ப்பு உண்டா?’ செய்த குற்றம் மட்டும் போதாது. செய்யப்போகும் குற்றத்தையும் எடைபோட வேண்டும்.

1978-ல் தாமஸ் பேர்ஃபுட் என்பவருக்குப் போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகத் தீர்ப்பானது. தண்டனை முடிவாகும் கட்டத்தில் இரண்டு மனநல டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் நம் கிரிக்ஸன். இரண்டு பேரும் பேர்ஃபுட்டிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பரிசோதித்ததும் இல்லை. அரசு வக்கீல், “இப்படி இப்படி ஒரு ஆள் இருந்தால்...” என்று கற்பனையாக ஒரு கேள்வி கேட்டார். அதற்குத்தான் பதில். கிரிக்ஸன், நூற்றுக்கு நூறு நிச்சயம் என்றார். ஜெயிலில் இருந்தாலும் சரி, வெளியே இருந்தாலும் சரி!

கிளி ஜோஸ்யக்காரர்கூட எதிரே உட்காரவைத்துத்தான் சார் சீட்டெடுக்கிறார்.

கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. அங்கே ஒரு வேடிக்கை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே கோர்ட்டுக்கு மனுப் போட்டு, “ஐயா, எங்களுக்கு இந்த வித்தை தெரியாது. நீண்டகால ஆபத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் சொல்லும் மூன்று ஆரூடத்தில் இரண்டு தப்பு” என்றது. தங்கள் தொழிலின் குறையைத் தாங்களே சொல்கிற சங்கத்தை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? 1983-ல் கோர்ட் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த மனுவை ஏற்க மறுத்தது. மனநல டாக்டர்கள் எப்போதுமே தவறு என்று யாரும் சொல்லவில்லையே, பெரும்பாலும் தவறு என்றுதானே சொல்கிறார்கள், அதை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் பார்த்துக்கொள்ளட்டும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். பேர்ஃபுட்டுக்கு 1984 அக்டோபர் 30 அன்று தண்டனை நிறைவேறியது. 1995-ல் அதே சங்கம் கிரிக்ஸனை வெளியேற்றியது. ஆளைப் பார்க்காமலே நோயைச் சொல்கிறார், நூறு சதவிகிதம் என்று அடித்துப் பேசுகிறார் என்பவை குற்றச்சாட்டுகள்.

சரி, டாக்டர்கள் ஏன் தப்பு செய்கிறார்கள்? இதற்கு 1966-ல் தானாக அமைந்த ஒரு பரிசோதனை இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தில் ஜானி பேக்ஸ்ட்ரம் என்ற கைதி. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் ‘ஆபத்தான மனநோயாளி’ என்று சிறைத்துறை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்குள்ள விசாரணை உரிமை இவருக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு, அப்படி வைத்திருந்தது செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட். விளைவு, அதே நிலையிலிருந்த 967 பேரைச் சாதாரண மனநல ஆஸ்பத்திரிகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி ஊழியர்கள் நடுங்கிப்போனார்கள்.

ஸ்டெட்மன், கொக்கோஸா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நான்கு வருஷம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். மறுபடி கட்டுக்காவல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மற்றவர்கள்? ‘ஆபத்து’ என்ற லேபிளோடு வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தவர்கள்.

இங்கேதான் விஷயமே. ஒருவனை ஆபத்தானவன் என்று பூட்டிவைத்தால், அவன் ஒன்றும் செய்திருக்க மாட்டான் என்பதை நிரூபிக்க அவனுக்கு வழியே கிடையாது. டாக்டரின் தப்பு கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் கிடக்கும். வெளியே விட்டவன் ஒரு கொலை செய்தால் மறுநாள் தலைப்புச் செய்தி. எந்தத் தப்பு செய்வது சௌகரியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு காரணம் சுத்தமான கணக்கு. ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பருக்கு இதைக் கேன்டீன் பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள். அதில் நூறு பேர் நிஜமாகவே வன்முறையில் இறங்கப்போகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் பிரமாதமான ஒரு டெஸ்ட் இருக்கிறது. நல்லவனோ கெட்டவனோ, நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும். அந்த நூறு பேரில் 90 பேரைப் பிடித்துவிடும். சபாஷ். ஆனால் மீதி 9,900 அப்பாவிகளில் பத்து சதவிகிதம், அதாவது 990 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, மாட்டிய 1,080 பேரில் அசல் ஆசாமிகள் 90. பன்னிரண்டுக்கு ஒன்று!

“அப்போ பதினோரு பேர் சும்மா உள்ளே போறானா?” என்றார் நண்பர். ஆமாம். டாக்டர் முட்டாள் என்பதால் அல்ல. அபூர்வமாக நடக்கும் காரியத்தை முன்கூட்டிச் சொல்வதில் உள்ள கஷ்டம் அது.

இதற்காக ஆராய்ச்சியாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மெக்ஆர்தர் ஆய்வு என்ற பெயரில், மூன்று அமெரிக்க நகரங்களில் மனநல வார்டிலிருந்து வீட்டுக்குப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு வருஷம், பத்து வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். அவரையும் கேட்டு, அவரை நன்கு அறிந்த ஒருவரையும் கேட்டு, போலீஸ் ரிகார்டையும் புரட்டினார்கள். 1998-ல் வந்த முடிவு நம்மில் பலருக்கு ஆச்சரியம் தரும். குடி, போதை இல்லாத மனநோயாளிகள், அதே பேட்டையில் வசிக்கும் குடி, போதை இல்லாத மற்றவர்களைவிட அதிகமாக வன்முறை செய்யவில்லை. போதை சேர்ந்தால்தான் கதை மாறுகிறது. அடி வாங்குவதும் பெரும்பாலும் தெருவில் போகிற யாரோ அல்ல, குடும்பத்தாரும் நண்பர்களும்தான். தெருமுனையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நிற்பவரைப் பார்த்து எதிர்ப்பக்கம் போகிறோமே, அது கொஞ்சம் அநியாயம்.

கனடாவில் 1995-ல் இருபது அம்சப் பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். பத்து, பழைய கதை: முன்பு வன்முறை செய்திருக்கிறானா, வேலையில் நிலைத்திருந்தானா, போதை உண்டா. ஐந்து, இன்றைய நிலை. ஐந்து, நாளைய ஏற்பாடு: வெளியே போனால் வீடு உண்டா, துணைக்கு மனிதர் உண்டா, மருந்து சாப்பிடுவானா. பழைய பத்தை மாற்ற முடியாது. மற்ற பத்தை மாற்றலாம். ‘இவன் செய்வானா?’ என்ற கேள்வி, ‘எந்தச் சூழ்நிலையில் செய்வான், அதைத் தடுக்க நாம் என்ன செய்யலாம்?’ என்று மாறிவிட்டது. ஜோஸ்யம் போய் வானிலை அறிக்கை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மழைக்கு வாய்ப்பு’ என்றால் குடை எடுத்துப் போகலாம் அல்லவா?

கம்ப்யூட்டரிடம் விட்டால்? விட்டுப் பார்த்தார்கள். ஃப்ளோரிடாவில் ஒரு கவுன்ட்டியில் கைதிகளுக்கு மார்க் போட்ட ஒரு மென்பொருளை 2016-ல் பத்திரிகையாளர்கள் சோதித்தார்கள். பிற்பாடு எந்தக் குற்றமும் செய்யாதவர்களில், கறுப்பர்களில் நூற்றுக்கு 45 பேருக்கும் வெள்ளையர்களில் 23 பேருக்கும் தவறாக ‘ஆபத்து’ முத்திரை விழுந்திருந்தது. ஒரே மார்க் வாங்கினால் இரு தரப்பும் ஒரே அளவில்தான் குற்றம் செய்கிறார்கள் என்று கம்பெனி பதில் சொன்னது. இரு தரப்பின் கைது விகிதமும் வேறாக இருக்கும்போது, இந்த இரண்டு நியாயத்தையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது என்று கணித நிபுணர்கள் நிரூபித்துவிட்டார்கள். எந்த நியாயம் வேண்டும் என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊரில்? 1980-ல் பச்சன் சிங் வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட், மரண தண்டனை விதிக்குமுன் குற்றவாளி இனி சமூகத்துக்கு ஆபத்தாக இருப்பானா, திருந்துவானா என்று பார்க்க வேண்டும் என்றது. முக்கியமான வித்தியாசம், திருந்தமாட்டான் என்று சாட்சியத்தோடு காட்ட வேண்டிய பொறுப்பு அரசுடையது. ஆனால் நடைமுறையில் குற்றம் எத்தனை கொடூரம் என்பதைப் பார்த்தே பல தீர்ப்புகள் முடிந்தன. 2022-ல் மனோஜ் வழக்கில் கோர்ட் கண்டிப்பாகச் சொன்னது: மனநல மதிப்பீடு வாங்கு, ஜெயிலில் நடந்துகொண்ட விதம் பற்றி ரிப்போர்ட் வாங்கு, வளர்ந்த சூழ்நிலையைக் கேள்.

அதாவது, ஆளைப் பார். அவனிடம் பேசு. டெக்ஸாஸில் செய்யாமல் விட்ட காரியம்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் தப்பு நடக்கலாம். ஒருத்தன் நாளைக்கு என்ன செய்வான் என்பது அவனுக்கே இன்றைக்குத் தெரியாது. எனவே, கோர்ட்டிலோ டி.வி.யிலோ யாராவது “நூற்றுக்கு நூறு” என்று ஆரம்பித்தால், குற்றவாளியை விட்டுவிட்டு, முதலில் அந்த நிபுணரைக் கவனியுங்கள்.