மேகத்துக்குள் ஒரு நாள்: ஈராவ் மலைக்குக் குழுவாகப் போகிறவர்களுக்கு

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அந்தச் செடிகளுக்கு நடுவிலேயே வளர்ந்து, அதே சரிவுகளில் கூடை சுமந்து முதுமை கண்டவர்கள் கேமரன் மலையில் எத்தனையோ பேர். "மேலே தெரிகிறதே, அந்த உச்சிக்கு என்றாவது போனதுண்டா?" என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அங்கே நமக்கு என்னப்பா வேலை?" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் பணம் செலவழித்து வந்து ஏறிப் பார்க்கிற மலை அது. அதன் காலடியில் குடியிருக்கும் நமக்கு அது வெறும் மழை வரும் திசை!

ஆனால் பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். "அண்ணா, ஈராவ் போவோமா?" என்று ஒருவன் தொடங்குவான்; மாமன் மகன், பக்கத்து வீட்டு அக்கா, பட்டணத்திலிருந்து வந்த சித்தப்பா என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிடுவார்கள். நல்ல விஷயம்தான். புறப்படும் முன் அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் இன்னும் நல்லது.

கேமரன் மலை வட்டாரத்தில் மிக உயரமானது ஈராவ் மலை. அதன் உயரம் 2,110 மீட்டர். பகாங்கும் பேராவும் சந்திக்கும் எல்லையில், தித்திவங்சா மலைத்தொடரின் முதுகில் அது நிற்கிறது. ஒரே மேகம் பொழியும் மழைதான். ஆனால் கிழக்குச் சரிவில் விழும் நீர் பகாங் ஆற்றோடு போய்த் தென்சீனக் கடலில் கலக்கும், மேற்குச் சரிவில் விழுவது பேரா பக்கம் இறங்கி மலாக்கா நீரிணையைச் சேரும். அந்த முகட்டில் நின்று குடிநீர்ப் போத்தலைக் கவிழ்த்து, "இது எந்தக் கடலுக்கு?" என்று பிள்ளைகள் விளையாடலாம்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதி வைத்தார். அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது. ஆனால் அவருக்கு வெகுகாலம் முன்பே இந்தக் காடுகளில் செமாய் பூர்வகுடி மக்கள் வழி தெரிந்து நடந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாப்பாவிலிருந்து சாலை போடப்பட்டதும் 1929இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதற்கு நாற்பதாண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். காட்டை வெட்டிச் செடி நட்ட கைகளில் நம் பாட்டன் பாட்டிகளின் கைகள் எத்தனை!

ஈராவ் பாதை, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி, பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போகும் ஒடுக்கமான சாலையின் மேல்பகுதியில் தொடங்குகிறது. அதுவரை லேண்ட்ரோவரோ வேனோ போகும். அதற்கு மேல் கால்தான்.

காட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடமே உலகம் மாறிவிடும். மரங்கள் குட்டையாகிக் கோணல் மாணலாக முறுக்கிக்கொண்டு நிற்கும். அடிமரம், கிளை, வேர், கல் எல்லாவற்றையும் பச்சைப் பாசி கம்பளிபோல் போர்த்தியிருக்கும். எப்போதும் மேகம் வந்து உரசுவதால் மழை பெய்யாத நாளிலும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே நாம் குடிக்கும் ஓடைத் தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் பாசி பிடித்து வைத்துக் கொடுப்பதே. பாதையோரம் சிறு குடங்களைப்போல் தொங்கும் குடுவைச் செடிகளைக் காணலாம். பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடிகள் அவை. பார்த்து ரசியுங்கள், பிடுங்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் எப்படியும் செத்துத்தான் போகும்.

பாதை என்று பெயர்தானே தவிர, பாதி தூரம் சேறும் வேரும்தான். முழங்கால் அளவுச் சேற்றில் கால் புதையும் இடங்களும் உண்டு. விலையுயர்ந்த சப்பாத்து போட்டு வந்தவர்கள் முகம் சுளிக்க, "கம்போங் அடிடாஸ்" என்று நாம் கேலியாய்ச் சொல்லும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து போட்டவர்கள் சிரித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். மரம் சீவப் போகிறவர்களின் சப்பாத்து அது; பிடிமானமும் உண்டு, விலையும் குறைவு. அட்டைக்கு நமக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். கோடையில் ஆல்ப்ஸ் மலைகளில் பனியாறுகளைக் கடந்து கணவாய் தாண்டிப் போகும் குழுக்கள் ஒருவரோடு ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வார்கள். பனிக்குக் கீழே மறைந்திருக்கும் பிளவில் ஒருவர் விழுந்தாலும் மற்றவர்கள் இழுத்துப் பிடிப்பதற்காக. நம் நாட்டில் பனியாறு இல்லை. பனியுகத்தில் சபாவின் கினபாலு மலை உச்சி பனிக்கட்டியால் மூடிக் கிடந்தது என்பதற்குத் தேய்ந்து வழவழத்த பாறைகளே சாட்சி. அந்தப் பனி உருகிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எனவே நமக்குக் கயிறு தேவையில்லை. அதற்குப் பதிலாக ஒருவர் கண் மற்றவர் மேல் இருக்க வேண்டும்.

பனி இல்லாவிட்டால் குளிர் கொல்லாது என்று எண்ணிவிடாதீர்கள். நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய அரை டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். தானா ராத்தாவைவிட ஈராவ் உச்சி நான்கு டிகிரி குளிர்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு மழையில் நனைந்து, காற்றும் அடித்தால், ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். முதலில் நடுக்கம். பிறகு பேச்சுக் குழறும், கால் தடுமாறும், "கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கள்" என்பார். அப்போது அவரைத் தனியே விட்டுப் போகவே கூடாது! ஈரத்துணியைக் களைந்து உலர்ந்த துணி போட்டு, காற்றுப் படாத இடத்தில் வைத்து, சர்க்கரை தூக்கலாய்ப் போட்ட சூடான தேநீர் கொடுங்கள். "உடம்பு சூடாகும்" என்று சிலர் மது கொடுப்பார்கள். அது உடம்பின் சூட்டை இன்னும் வேகமாய் வெளியேற்றும்.

2001 ஆகஸ்டில் கினபாலு மலையில் ஒரு பிரிட்டிஷ் இளம்பெண் பனிமூட்டத்தில் கூட வந்தவர்களைப் பிரிந்தாள். சில நாட்கள் தேடியபின் உயிரற்ற உடலே கிடைத்தது. பலர் நடமாடும் மலை அது.

நம் ஊரிலேயே நடந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பெயர்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தா அருகே நண்பர்களோடு ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். பிற்பகலில் மற்றவர்கள் ஓய்வெடுத்த வேளையில் தனியே வெளியே போனவர் திரும்பவில்லை. போலீசார், ராணுவத்தினர், பூர்வகுடி மக்கள் என நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். ஒரு துணித்துண்டுகூட அகப்படவில்லை. உளவு, கடத்தல், புலி என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். எனக்கு அந்தக் கதைகளில் அக்கறையில்லை. எந்தப் பக்கம் போகிறார், எப்போது திரும்புவார் என்று ஒருவருக்காவது தெரிந்திருந்தால் தேடும் வேலை எவ்வளவு சுருங்கியிருக்கும்?

குழுவில் வழக்கமாக நடப்பது இதுதான். கால் வலுவுள்ள இளைஞர்கள் முன்னே பறப்பார்கள். பிள்ளையைக் கைபிடித்த தாயும் மூச்சு வாங்கும் மாமாவும் பின்தங்குவார்கள். முன்னே போனவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். பின்னால் வந்தவர் வந்து சேர்ந்ததுமே எழுந்து நடப்பார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு ஓய்வே கிடையாது! என்னுடன் ஒருமுறை வந்த ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பாட்டி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "தம்பிகளா, மலையில கூடை நிறையறதுதான் கணக்கு, யாரு முதல்ல போறாங்கறது இல்ல" என்றார். பிறகு அவரையே முன்னால் நடக்க விட்டோம். ஒரே சீரான நடை. அன்று யாருக்கும் மூச்சு இரைக்கவில்லை.

நடை தளர்ந்தவர் முன்னால், நல்ல பலசாலி ஒருவர் கடைசியில். அந்தக் கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்னால் நிற்கக்கூடாது. சிறுநீர் கழிக்க ஒதுங்கினாலும் அவரிடம் சொல்லிவிட்டே ஒதுங்க வேண்டும். பாதை பிரியும் இடங்களில் நின்று தலை எண்ணுங்கள்.

ஏற இரண்டரை மணி முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். சேற்றில் இறங்குவதும் சுலபமல்ல. காலை எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். பன்னிரண்டு அடித்தால் எங்கே இருந்தாலும் திரும்புங்கள். உச்சி போலத் தோன்றும் ஒரு மேட்டை அடைந்து, அதற்கப்பாலும் இறங்கி ஏற வேண்டும் என்று தெரியும்போது மனசு கேட்காது. "இன்னும் பத்தே நிமிஷம்" என்பார்கள். பிற்பகல் மழை அந்தப் பத்து நிமிடத்துக்காகவே காத்திருக்கும். சூரியன் ஏழு மணிக்குமேல் மறைந்தாலும் மரக்கூட்டத்தினடியில் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும்.

ஆளுக்கொரு மழைக்கோட்டு, டார்ச்லைட், பிளாஸ்டிக் பையில் கட்டிய உலர்ந்த உடை, ஒரு விசில். சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் போதும். ஆனால் பசியாறாமல் புறப்படாதீர்கள். கைத்தொலைபேசி எல்லா இடத்திலும் பேசாது. பேசும் இடம் வந்தால் அவசர எண் 999. புறப்படும் முன் பாதை திறந்திருக்கிறதா, அனுமதியும் வழிகாட்டியும் வேண்டுமா என்று வனத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை நடப்பவர்கள் தானா ராத்தாவிலிருந்து பாரிட் நீர்வீழ்ச்சிக்குப் போய் வரலாம். அடுத்து ஜாசார் மலை. கால்கள் பழகியபின் ஈராவ்.