முதியோரின் மாரடைப்பும் தட்டணுத் தடை மருந்துகளும்

காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைந்து நிற்பது உடலின் தற்காப்பு முறைகளுள் ஒன்று. அதே உறைதல் இருதயத்திற்கு உணவூட்டும் இரத்தக் குழாயினுள் நிகழுமாயின், அது மாரடைப்பாக முடிகிறது. ஆதலால் உறைதலைத் தடுக்கும் மருந்து உயிர்காக்கும் மருந்தாகிறது. எனினும் அம்மருந்தே இரத்தக் கசிவையும் விளைவிக்கக்கூடும். எழுபது வயதைக் கடந்தோரிடம் இவ்விரு அபாயங்களும் ஒருங்கே மிகுகின்றன.

தட்டணுக்களின் செயல்

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை தட்டணுக்கள் உள்ளன. இவை எட்டு முதல் பத்து நாள் வரையே வாழ்பவை. இருதயக் குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புப் படலம் வெடிக்கும்போது, தட்டணுக்கள் அங்கே ஒட்டி, ஒன்றையொன்று அழைத்துத் திரண்டு, குழாயை அடைக்கின்றன. அவை அழைப்பு விடுக்கும் இரசாயனப் பொருள்களுள் ஒன்றின் உற்பத்தியை ஆஸ்பிரின் நிறுத்துகிறது. ஜான் வேன் என்னும் ஆங்கில விஞ்ஞானி இதனை 1971-இல் விளக்கினார். 1982-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குளோபிடோகிரெல், டிக்காகிரெலார், பிரசுகிரெல் ஆகியவை வேறொரு அழைப்பைத் தடுப்பவை. ஆகவே ஆஸ்பிரினுடன் இவற்றுள் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

ஆராய்ச்சிகள் காட்டியவை

1988-இல் வெளியான ஒரு பெரும் ஆராய்ச்சியில், 417 மருத்துவமனைகளைச் சேர்ந்த 17,187 நோயாளிகள் இடம் பெற்றனர். ஆஸ்பிரின் உண்டோருள் ஐந்து வாரங்களில் இருதய, இரத்தக் குழாய்க் காரணங்களால் இறந்தோர் நூற்றுக்கு 9.4 பேர், உண்ணாதோருள் 11.8 பேர். மலிவான ஒரு மாத்திரை இத்துணைப் பயன் தந்தது.

ஆனால் மருந்தின் வலிமை கூடக்கூட முதியோர்க்கு நன்மையும் கூடுகிறது என்பதில்லை. பிரசுகிரெல் மருந்தைப் பற்றிய 2007-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், 75 வயதுக்கு மேற்பட்டோரும் 60 கிலோவுக்குக் குறைந்த எடையுடையோரும் மொத்தத்தில் பயன் பெறவில்லை. முன்பு பக்கவாதம் கண்டோர்க்குத் தீமையே மிகுந்தது. 2020-இல் நெதர்லாந்து நாட்டின் ஆராய்ச்சியொன்று வெளியாயிற்று. இருதய மின்வரைபடத்தில் எஸ்.டி. பகுதி உயராத வகை மாரடைப்புற்ற, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 1,002 பேர் அதில் இடம் பெற்றனர். ஓராண்டில் குளோபிடோகிரெல் உண்டோருள் நூற்றுக்கு 18 பேருக்கும், பெரும்பாலும் டிக்காகிரெலார் உண்ட மற்றப் பிரிவினருள் 24 பேருக்கும் இரத்தக் கசிவு நேர்ந்தது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், கசிவு ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தபோதும் குளோபிடோகிரெல் பின்தங்கவில்லை. முதியவர்க்கு வீரியம் குறைந்த மருந்தே சில வேளை ஏற்றதாகும் என்பது இதனால் விளங்கும். எடை, சிறுநீரகத்தின் நிலை, இரத்தசோகை, முந்தைய கசிவு ஆகியவற்றை நோக்கியே மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

இந்திய நிலைமை

2001 முதல் 2005 வரை நம் நாட்டின் 50 நகரங்களில் 20,937 நோயாளிகளைக் கொண்டு நடந்த பதிவாய்வு ஒன்று இரு உண்மைகளை வெளிப்படுத்திற்று. மருத்துவமனையில் தட்டணுத் தடை மருந்து ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்தது. எனினும் நோய்க்குறி தோன்றியது முதல் மருத்துவமனையை அடைய ஆன இடைநிலைக் காலம் 360 நிமிடம். முப்பது நாளில் இறந்தோர் ஏழைகளுள் நூற்றுக்கு 8.2, செல்வருள் 5.5. பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டபோது இவ்வேற்றுமை மறைந்தது. சிகிச்சை சமமாயின் ஏழை முதியவரும் பிழைக்கலாம் என்பதே இதன் பொருள்.

மும்பையில் ஊழியர் ஆற்றக்கூடிய பணி

தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தாராவியை ஒட்டிய சயான் பகுதியில் லோகமான்ய திலகர் நகராட்சிப் பொது மருத்துவமனை உள்ளது. 108 என்னும் எண்ணில் ஆம்புலன்ஸ் வண்டியை அழைக்கலாம். ஆயினும் முதியோரிடம் மாரடைப்பு நெஞ்சுவலியாகவே தோன்றும் என்பதில்லை. மூச்சுத் திணறல், வியர்வை, வாந்தி, மயக்கம், திடீர்ச் சோர்வு ஆகியவையே அடையாளமாகலாம். இவற்றை 'வாயு' என்று கருதிக் காத்திருத்தல் கூடாது. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்வதும் மருத்துவரோ ஆம்புலன்ஸ் பணியாளரோ கூறிய பின்னரே. ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணில் கசிவோ இருப்பின் அதனை முதலில் தெரிவிக்க வேண்டும்.

வீடு திரும்பிய பின் நேரும் தவறுகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, மருந்தைத் தாமாக நிறுத்துதல். செலவை எண்ணியோ, தோலில் நீலத் தழும்பு கண்டோ, பல் பிடுங்குவதற்காகவோ நிறுத்துவதுண்டு. குழாயில் உலோக வலைச்சுருள் பொருத்தப்பட்டிருப்பின், அது திடீரென அடைபட்டு உயிருக்கு ஆபத்து நேரலாம். மருந்தின் காலம் பொதுவாக ஓராண்டு. கசிவு அபாயம் மிக்க முதியோர்க்கு மருத்துவரே அதனைக் குறைப்பதுண்டு. இரண்டாவது, முழங்கால் வலிக்கென்று கடையில் இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை வாங்கி உண்ணுதல். இவை கசிவை மிகுவிப்பவை. இபுபுரோஃபென் ஆஸ்பிரினின் பயனையும் கெடுக்கக்கூடும். மூன்றாவது, சொந்த ஊர் செல்லும்போது அங்கு வேறொரு சீட்டின்படி அதே மருந்தை வேறு பெயரில் இரட்டிப்பாக உண்ணுதல்.

இம்மூன்றையும் தடுப்பது எளிது. மருந்துறையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைப் பாட்டியால் படிக்க இயலாது. பள்ளியில் பயிலும் பேரன் படிப்பான். மருந்தின் பெயர், உண்ணும் வேளை, நிறுத்தக் கூறிய தேதி ஆகிய மூன்றையும் தமிழில் ஓர் அட்டையில் எழுதி, மருத்துவச் சீட்டுடன் வைக்க ஆசிரியர் மாணவர்க்குப் பழக்கலாம். களப்பணியாளர் அடுத்த முறை செல்லுகையில் எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்த்தால், தவறிய நாள்கள் தெரிந்துவிடும். கரிய நிற மலம், நிற்காத மூக்கு இரத்தம், விழுந்து தலையில் அடிபடுதல் ஆகியவை நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். மருந்தை நிறுத்துவதும் தொடர்வதும் அங்கே முடிவு செய்யப்படும்.